பெட்டிமுடியின் குவியும் ஏலத்தோட்டத்துச் சங்கிலியும்

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு மேலே பெட்டிமுடியில் மலை சரிந்தது. கண்ணன் தேவன் தோட்ட நிறுவனத்தின் நயமக்காடு எஸ்டேட்டில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள், உள்ளே உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு மண்ணுக்குள் போயின. இறந்தவர்கள் 70 பேர். அவர்களில் நான்கு பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள்; பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போயிருந்ததால், நடந்தது வெளியுலகத்துக்குத் தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது.

தேடுதல் நாள்கணக்கில் நீண்டது. மீட்புப் படைகள், மண்வாரி எந்திரங்கள், பயிற்சி பெற்ற காவல்துறை நாய்கள் எல்லாம் இறங்கின. எட்டாம் நாள், ஆகஸ்ட் 14 அன்று, சரிவு நடந்த இடத்திலிருந்து சில கிலோமீட்டர் கீழே ஒரு பாலத்தருகில் நாட்டு நாய் ஒன்று தண்ணீரையே பார்த்தபடி நின்றது. அங்கிருந்து அது நகரவில்லை என்பதைக் கவனித்த தேடுதல் குழுவினர் இறங்கிப் பார்த்தார்கள். மரக்கிளையில் சிக்கி இரண்டு வயதுப் பெண்குழந்தையின் உடல் இருந்தது. நாயின் பெயர் குவி. அந்தக் குழந்தையின் வீட்டில் வளர்ந்தது.

செய்தி கேரளத்தையும் தமிழகத்தையும் உலுக்கியது. இரை தின்னாமல் அலைந்த குவியை இடுக்கி மாவட்டக் காவல்துறையின் மோப்ப நாய்ப் படை தன்னோடு சேர்த்துக்கொண்டது. அடுத்த ஆண்டு, அந்தக் குடும்பத்தில் உயிர் தப்பியிருந்த பாட்டி கேட்டதன் பேரில் குவி அவரிடமே திரும்பி வந்தது. பத்திரிகைகள் ஹச்சிகோவை நினைவுபடுத்தின. 1925இல் இறந்துபோன பேராசிரியருக்காக டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் 1935 வரை வந்து காத்திருந்த நாய் அது.

தமிழர்கள் ஜப்பான் வரை போயிருக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது, மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. வீரனின் உருவத்துக்குப் பக்கத்தில் நாய் ஒன்றும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு குறிக்கிறது. ஒரு நாயின் செயலுக்குப் பெயரோடு கல் நட்ட மரபு நம்முடையது. அந்த நாய் என்ன உணர்ந்தது என்று கல்வெட்டு சொல்லப் புகவில்லை. அது என்ன செய்தது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டது. அந்த அடக்கம் இன்றைய நாய்ப் பிரியர்களுக்கும் நாய் வெறுப்பர்களுக்கும் ஒரே அளவில் தேவைப்படுகிறது.

குவி துக்கப்பட்டதா? கேள்வி நியாயமானது. நாய்கள் இழப்புக்கு எதிர்வினை காட்டுகின்றன என்பதற்குச் சான்று உண்டு. இத்தாலியில் இரண்டு நாய்களாவது வளர்த்து அவற்றில் ஒன்றை இழந்த 426 பேரிடம் நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், மிஞ்சிய நாயின் நடத்தை மாறியதாக 86 விழுக்காட்டினர் சொன்னார்கள். ஆளை ஒட்டிக்கொண்டே திரிவது, விளையாட்டு குறைவது, இரை குறைவது, உறக்கம் கூடுவது ஆகியவை அந்த மாற்றங்கள். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் பதிவு செய்தது: உரிமையாளரின் துக்கம் கூடக் கூட, நாயிடம் அவர் கண்ட மாற்றமும் கூடியது. நாய் உண்மையிலேயே ஆளின் துயரத்தை உள்வாங்கியிருக்கலாம். அல்லது துயரப்பட்டவர் தன் துயரத்தையே நாயிடம் கண்டிருக்கலாம். கேள்வித்தாளை வைத்துக்கொண்டு இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

குவி விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை மூன்று. பழகிய உடல்களின் வாசனையை அது தொடர்ந்து தேடியது. தேடும் நாள்களில் இரையில் நாட்டம் இழந்திருந்தது. கண்டடைந்த இடத்தை விட்டு விலகவில்லை. இந்த மூன்றுக்கும் பற்று என்று பெயர் வைப்பதில் தவறில்லை. மரணம் என்பதை அது அறிந்திருந்ததா என்ற இடத்தில் மட்டும் எழுதுகிறவரின் பேனா நிற்க வேண்டும்.

நாயைப் பார்க்கும்போது மனிதர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதே இப்போது தனி ஆய்வுத்துறையாகிவிட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹோலி மொலினாரோவும் கிளைவ் வின்னும் 2025இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. ஒரே நாயைப் பல சூழ்நிலைகளில் படம் பிடித்தார்கள். உலாவப் போகும் வாரைக் காட்டியபோது, தின்பண்டம் கொடுத்தபோது, மெல்லக் கடிந்துகொண்டபோது, தூசு உறிஞ்சும் எந்திரத்தைக் கொண்டுவந்தபோது. பிறகு காட்சிகளை வெட்டி ஒட்டினார்கள். மகிழ்ச்சியான சூழலில் பிடித்த நாயைக் கடிந்துகொள்ளும் காட்சிக்குள் வைத்தார்கள். அதற்கு நேர்மாறாகவும் செய்தார்கள். பார்த்த நூற்றுக்கணக்கானோரில் பெரும்பாலோர் நாயின் உடலைப் படிக்கவில்லை. சுற்றி என்ன நடக்கிறதோ அதைப் பார்த்து, நாய்க்கு அந்த உணர்ச்சியை ஏற்றிவிட்டார்கள். எந்திரம் பக்கத்தில் இருந்தால் நாய் பயந்திருக்கிறது; தின்பண்டம் இருந்தால் மகிழ்ந்திருக்கிறது. நாய் எப்படி இருந்தாலும் தீர்ப்பு மாறவில்லை.

இதற்குப் பதினாறு ஆண்டு முன்பே நாய் ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இன்னொரு நம்பிக்கையைச் சோதித்திருந்தார். தப்பு செய்த நாய் தலையைத் தாழ்த்தி, காதை மடக்கி, ஓரக்கண்ணால் பார்க்கும். "செய்ததை நினைத்துக் கூசுது" என்பார்கள் வீட்டில். 14 நாய்களை வைத்து அவர் அமைத்த சோதனை எளிமையானது. தின்னக் கூடாது என்று சொல்லிவிட்டு உரிமையாளர் வெளியே போக வேண்டும். திரும்பியதும் நாய் தின்றதாகவோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சில முறை வேண்டுமென்றே பொய் சொல்வார்கள். கூசிய முகம் வந்தது தப்பு செய்த நாய்க்கு என்றில்லை. திட்டு வாங்கிய நாய்க்கு வந்தது. ஒன்றும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்க்குக்கூட வந்தது. வீட்டார் குற்ற உணர்ச்சி என்று வாசித்தது, எதிரே நிற்கும் ஆளின் குரலுக்கும் முகத்துக்கும் நாய் காட்டிய எதிர்வினை.

இந்த இரண்டு ஆய்வுகளையும் இடுக்கி மலைக்குக் கொண்டுவந்தால் அவற்றின் பொருள் கனக்கிறது.

கம்பம், போடி பக்கங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஜீப்பாகக் கூலி ஆள்கள் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக ஏலக்காடுகளுக்கு ஏறுகிறார்கள். ஏலக்காய் விலையுள்ள சரக்கு. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. காய் உலர்த்தும் ஸ்டோர்களில் திருட்டுப் பயம் எப்போதும் இருப்பதால் நாய் காவல் சாதாரணம். பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சிற்றூர் வட்டாரத் தென்னந்தோப்புகளிலும் களங்களிலும் இதே வழக்கம். அங்கே பன்றியும் மயிலும் கூடுதல் காரணம். இந்தக் காவல் நாய்களில் பல, குட்டியாக இருந்தபோது போட்ட சங்கிலியிலேயே வயதாகின்றன. சங்கிலி நீளம் எத்தனை அடியோ அதுவே அவற்றின் உலகம்.

அப்படிப்பட்ட நாயைப் பற்றி உரிமையாளர்கள் சொல்வது இரண்டில் ஒன்றாக இருக்கும். "பொல்லாதது, கிட்ட விடாது." அல்லது "பரம சாது, கத்தக்கூடச் செய்யாது." முதலாவதைப் பலர் சந்தேகிப்பார்கள். உண்மையில் சந்தேகிக்க வேண்டியது இரண்டாவதை.

1967இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மையரும் நாய்களை வைத்து நடத்திய சோதனைகள் உளவியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டன. என்ன செய்தாலும் நிறுத்த முடியாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் தாண்ட முயலவில்லை. படுத்து முனகின. இன்று எந்த அறக்குழுவும் அனுமதிக்காத கொடுமையான சோதனை. அதில் அந்த நாய்கள் காட்டியது அமைதியின் வெளித்தோற்றம். குரைத்தும் பயனில்லை, இழுத்தும் பயனில்லை என்று கற்றுக்கொண்ட சங்கிலி நாயும் வெளிப்பார்வைக்குச் சாதுதான். சுற்றிலும் பச்சை மலை, வேளைக்குச் சோறு, நல்ல முதலாளி என்ற காட்சியைப் பார்த்து நாய்க்கு நிம்மதி என்று எழுதிவிடுகிறோம். மொலினாரோ காட்டிய பிழை இதுவேதான்.

ஆகவே காட்சியை விட்டுவிட்டு உடலுக்கு வர வேண்டும்.

1872இல் டார்வின், மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்படும் விதம் பற்றிய நூலில் நாயின் உடலை விரிவாக எழுதினார். அந்நியனை நோக்கி விறைத்து வரும் நாய் நிமிர்ந்து நடக்கும், வால் மேலே விறைக்கும், பிடரி மயிர் சிலிர்க்கும், காது முன்னோக்கும், பார்வை குத்திட்டு நிற்கும். வந்தவர் தன் எசமான் என்று தெரிந்த கணம் எல்லாம் தலைகீழாகும்: உடல் தாழ்ந்து வளையும், மயிர் படியும், வால் தாழ்ந்து பக்கவாட்டில் ஆடும், காது பின்னால் சாயும். நூற்றைம்பது ஆண்டுகள் கழிந்தும் இந்த விவரிப்பில் திருத்த அதிகமில்லை. அதற்குப் பிறகு சேர்ந்தவை நுணுக்கங்கள்.

வாலைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு: ஆடினால் நட்பு என்பது. வால் ஆடுவது நாயின் கிளர்ச்சியைத்தான் சொல்கிறது. அது எந்த வகைக் கிளர்ச்சி என்பதை வாலின் உயரமும் விறைப்பும் வீச்சும் சொல்கின்றன. உயர்ந்து விறைத்து வேகமாகத் துடிக்கும் வால் எச்சரிக்கை. இடுப்போடு சேர்ந்து அகலமாக ஆடும் வால் வரவேற்பு. தாழ்ந்து, நுனி மட்டும் வேகமாக ஆடினால் பயந்த நாய் சமாதானம் கேட்கிறது. இத்தாலியின் பாரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் 30 நாய்களை வைத்து இன்னொன்றைக் கண்டார்கள். எசமானைக் கண்டதும் வால் நாயின் வலப்புறம் கூடுதலாகச் சாய்ந்து ஆடியது; மிரட்டும் அந்நிய நாயைக் கண்டதும் இடப்புறம். மூளையின் இரு பாதிகளும் வெவ்வேறு வகை உணர்ச்சிகளில் முன்னிற்பதன் அடையாளம் இது. 2013இல் அதே குழு, இடப்புறம் வாலாட்டும் நாயின் படத்தைப் பார்த்த மற்ற நாய்களின் இதயத் துடிப்பு கூடியதையும் காட்டியது. நம் கண்ணுக்குத் தப்பும் வேறுபாட்டை அவை தங்களுக்குள் வாசித்துக்கொள்கின்றன. டாபர்மேன் குட்டிக்கு அழகு என்று வாலை நறுக்குகிறவர்கள் அதன் பேச்சில் பாதியை நறுக்குகிறார்கள்.

முகம் இன்னும் வியப்பானது. நாயின் உள்புருவத்தை உயர்த்தும் தசை ஒன்று ஓநாய்களிடம் கிட்டத்தட்ட இல்லை என்பதை ஜூலியன் காமின்ஸ்கி, ஆன் பரோஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2019இல் உடற்கூறு ஆய்வில் கண்டார்கள். அந்தப் புருவ அசைவுதான் கண்ணைப் பெரிதாக்கி, நாயின் முகத்துக்கு இரங்க வைக்கும் குழந்தைப் பார்வையைத் தருகிறது. மனிதரோடு வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் இந்தத் தசை கொண்டவை அதிகம் பேணப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்கள் ஊகம். பிரிட்டன் காப்பகங்களில் 2013இல் நடந்த ஆய்வும் அதற்கு ஒத்துப்போனது: உள்புருவத்தை அதிகம் உயர்த்திய நாய்களைச் சீக்கிரம் தத்தெடுத்துப் போனார்கள். காமின்ஸ்கி குழுவின் 2017ஆம் ஆண்டு ஆய்வில் 24 நாய்கள், ஆள் தங்களைப் பார்த்து நின்றபோது முகத்தை அதிகம் அசைத்தன; தின்பண்டத்தைக் காட்டியது அந்த அளவை மாற்றவில்லை. அப்படியானால் இரங்க வைக்கும் முகம் எப்போதும் சோகத்தின் முகமாக இருக்க வேண்டியதில்லை. புருவம் தூக்கிய நாயைப் பார்த்து உருகி, விறைத்த உடலைக் கவனியாமல் விடுகிறவர்களுக்குக் கடிபட வாய்ப்பு உண்டு.

அச்சத்தின் அடையாளங்கள் சிறியவை, வேகமானவை. தின்ன எதுவும் இல்லாதபோது நாக்கு மூக்கை நக்கிவிட்டு உள்ளே போகும். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி வரும். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க, கண்மட்டும் ஆளைப் பார்க்கும். வெள்ளைவிழி பிறைபோலத் தெரியும். முன்கால் ஒன்று லேசாகத் தூக்கியபடி நிற்கும். உடல் எடை பின்னங்கால்களுக்குப் போகும். நனையாத நாய் நனைந்ததுபோல் உதறிக்கொள்ளும். இவையெல்லாம் "விலகிப் போ" என்பதன் மென்மையான வடிவங்கள். இவற்றுக்குப் பலன் இல்லையென்றால் உறுமல். உறுமலுக்கும் அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாமலே கடி. உறுமிய நாயை அடித்துத் திருத்துகிறவர்கள் தங்கள் வீட்டு எச்சரிக்கை மணியைத் தாங்களே கழற்றிப் போடுகிறார்கள்.

இனமும் பார்க்கிறவரை ஏமாற்றும். இடுக்கி மலையடிவாரத்தில், தேனி மாவட்டத்தில் இருக்கும் கோம்பை ஊரின் பெயரைத் தாங்கிய நாயைக் கருவாய்ச் செவலை என்பார்கள். செம்மண் நிற உடல், கறுத்த முகவாய். அந்தக் கறுப்பில் உதடு இறுகுவதைத் தூரத்திலிருந்து பிடிப்பது கடினம். அதன் உடல் சாய்வையும் காதையும் பார்ப்பதே பாதுகாப்பு.

பாலக்காட்டில் இன்னொரு குழப்பம் வெயில். 2024 ஏப்ரலில் அங்கே வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. நாய்க்கு உடல் முழுவதும் வியர்க்காது. பாதத்தின் அடிப்பகுதியில் மட்டும் சிறிது வியர்க்கும். வெப்பத்தை வெளியேற்ற அதற்குள்ள முக்கிய வழி இரைப்பு. வெப்ப இரைப்பில் வாய் தளர்ந்து, நாக்கு நீண்டு அகன்று தொங்கும். நிழலும் தண்ணீரும் கிடைத்தால் தணியும். குளிர்ந்த அறையில், வாயோரம் இறுகி, காது பின்னால் ஒட்டி இரைத்தால் அது பதற்றமாகவோ வலியாகவோ இருக்கலாம். தகரக் கூரைக்குக் கீழே கட்டிய நாய் வாய் திறந்து நாக்கு நீட்டியிருப்பதைப் படம் பிடித்து "சிரிக்கிறான் பாருங்க" என்று கைபேசியில் அனுப்புகிறவர்கள், அந்தக் கூரையின் கீழ்ப்புறத்தை ஒரு முறை தொட்டுப் பார்க்கலாம்.

சிரிப்பு என்ற இந்த வாசிப்பு குழந்தைகளிடம் ஆபத்தாகவே முடிகிறது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மீன்ட்ஸ் குழந்தைகளிடம் நாய் முகங்களைக் காட்டி ஆய்வு செய்தார். பல்லைக் காட்டும் நாய் சிரிக்கிறது என்று சிறு குழந்தைகளில் பலர் சொன்னார்கள். கடிபட்ட குழந்தைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் காயம் அதிகம் ஏற்படுவதற்கு அவர்களின் உயரம் ஒரு காரணம். நாயின் முகத்தருகே முகத்தைக் கொண்டுபோகும் இந்த நம்பிக்கை இன்னொன்று. பள்ளிப் பாடத்தில் போக்குவரத்து விளக்கைக் கற்பிக்கிற அளவுக்காவது நாயின் உடலைக் கற்பிக்கலாம். கேரளத்துக்கு இது அவசரமும்கூட. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி அங்கே சுமார் 2.9 லட்சம் தெருநாய்கள். வளர்ப்பு நாய்கள் 8 லட்சத்துக்கு மேல்.

தெருநாய்களைப் பற்றி நம்பகமான அறிவு இந்தியாவுக்குள்ளேயே உருவாகியிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. கொல்கத்தாவின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் (ஐசர்) அனிந்திதா பத்ராவின் நாய் ஆய்வுக்கூடம் பல ஆண்டுகளாக வங்கத்துத் தெருக்களிலேயே ஆய்வு நடத்துகிறது. அந்தக் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில் 364 குட்டிகளைப் பின்தொடர்ந்தார்கள். ஏழு மாத வயதைத் தொட்டவை 19 விழுக்காடு மட்டுமே. இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மனிதரே நேரடியாகவோ மறைமுகமாகவோ காரணம். மனிதரால் இவ்வளவு இழக்கும் நாய்கள் மனிதரிடம் எப்படி நடந்துகொள்கின்றன என்பது அடுத்த கேள்வி. 2020இல் வெளியான சோதனையில், பழக்கமில்லாத ஆள் இரண்டு கிண்ணங்களில் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். கிட்டத்தட்டப் பாதி நாய்கள் பயந்து அருகே வரவே இல்லை. வந்தவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு சுட்டிய கிண்ணத்துக்குப் போயின. எந்தப் பயிற்சியும் பெறாத தெருநாய்கள் அவை. 2017இல் வந்த இன்னொரு ஆய்வு, அந்நிய ஆள் தொடர்ந்து சில நாள் தடவிக்கொடுத்தால், சோறு போட்டவரைவிட அவரிடம் நாய்கள் அதிகம் நம்பிக்கை வைத்ததைக் காட்டியது. "சோத்துக்குத்தான் வாலாட்டுது" என்ற வழக்கமான இளக்காரத்துக்கு இது நேரடியான பதில். வராமல் நின்ற அந்தப் பாதி நாய்களையும் மறக்கக் கூடாது. அடி, கல், வெந்நீர் என்று ஏதோ ஒன்றை அவை ஏற்கெனவே கற்றிருக்கலாம்.

கண்ணைப் பார்ப்பது பற்றியும் இதே தெளிவு வேண்டும். ஜப்பானின் அசபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல், நாயும் அதன் எசமானும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டால் இருவர் உடலிலும் ஆக்ஸிடோசின் கூடுவதைக் கண்டார்கள். தாய்க்கும் சேய்க்கும் இடையில் சுரக்கும் அதே பொருள். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் அது நிகழவில்லை. ஆனால் பழகாத நாயிடம் குத்திட்ட பார்வை மிரட்டலே. வீட்டு நாயிடம் செல்லுபடியாகும் அன்பு, லயத்து வாசலில் அந்நிய நாயிடம் சண்டைக்கு அழைப்பாகிவிடும்.

ரேபிஸ் பேச்சு இல்லாமல் இந்த வட்டாரத்தில் நாயைப் பற்றி எழுத முடியாது. 2022இல் பாலக்காடு மாவட்டத்தில், பக்கத்து வீட்டு வளர்ப்பு நாய் கடித்த கல்லூரி மாணவி ஒருவர் தடுப்பூசி போட்டும் இறந்தது மாநிலத்தையே அதிரவைத்தது. தெருநாயைக் கண்டு பயப்படுகிறவர்கள் வீட்டு நாயிடம் அசட்டையாக இருப்பதை அந்தச் சாவு நினைவூட்டியது. நோய் கண்ட நாயின் முதல் அடையாளம் பெரும்பாலும் குணமாற்றம்: கூச்சமுள்ளது ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொள்வது ஒதுங்கி இருட்டில் படுக்கும். வெறி வகையில் கண்டதைக் கடிக்கும், குரல் மாறும். ஊமை வகையில் தாடை தொங்கி எச்சில் வழியும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டவர்கள் உண்டு. தண்ணீரைக் கண்டு அஞ்சுவது நோய்கண்ட மனிதரின் அறிகுறி. நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்த்து நோயில்லை என்று முடிவு கட்டக் கூடாது. நாயின் வழக்கமான குணம் தெரிந்தவருக்கே அதன் மாற்றம் தெரியும். சங்கிலி நாயின் குணத்தை அறிந்தவர் யார்?

நாய்களை என்ன செய்வது என்பதில் நீதிமன்றங்களும் உள்ளாட்சிகளும் தடுமாறிக்கொண்டிருக்கின்றன. கேரளத்தில் கருத்தடைத் திட்டத்தை நடத்திவந்த குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பை, விலங்கு நல வாரியத்தின் அங்கீகாரம் இல்லை என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் 2021 இறுதியில் விலக்கியது; பல மாவட்டங்களில் பணி தேங்கியது. நாய்க் கருத்தடைக்கான ஒன்றிய அரசின் 2023 விதிகள், பிடித்த நாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம் அதையே பெரும்பாலும் உறுதி செய்தது. ரேபிஸ் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் மட்டும் விலக்கியது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது.

"மூர்க்கமான நாய்" எது என்று யார் முடிவு செய்வார்? வலையில் சிக்கிய எந்த நாயும் பல்லைக் காட்டும். வண்டிக் கூண்டில் உறுமுகிற நாயின் உடல் மூலையை நோக்கி ஒடுங்கியிருக்கிறதா, வாசலை நோக்கி முன்சாய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் அந்த இடத்தில் வேண்டும். இல்லாவிட்டால் பயந்த நாய்தான் பெரும்பாலும் மூர்க்கக் கணக்கில் சேரும். பிடிப்பவர்களுக்கான பயிற்சியில் கண்ணியும் வலையும் கற்றுக்கொடுத்தால் போதாது.

வலியை வாசிக்கவும் கருவிகள் இருக்கின்றன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவான வலி அளவுகோல், அறுவைக்குப் பின் நாயின் குரல், காயத்தை அது கவனிக்கும் விதம், எழுந்து நடப்பது, தொட்டால் காட்டும் எதிர்வினை, பொதுநிலை ஆகியவற்றுக்கு மதிப்பெண் இடுகிறது. ஒரு தாளும் சில நிமிடங்களும் போதும். கருத்தடை மையங்களில் இது வழக்கமானால் வலி மருந்து தேவைப்படும் நாய் எது என்று ஊகிக்க வேண்டியிராது.

சங்கிலிக்கு வருவோம். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதை மறந்துவிடவில்லை. நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதும், நாயைப் பெயர் சொல்லியே, குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. அந்த உச்சவரம்பு 1960 முதல் அசையவில்லை. உயர்த்துவதற்கான திருத்த வரைவு 2022இல் வெளியாகி அப்படியே நிற்கிறது. 2014இல் ஜல்லிக்கட்டு வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் விலங்குகளுக்கான ஐந்து சுதந்திரங்களை இந்தியச் சட்டத்துக்குள் வாசித்துக்காட்டியது. பசி தாகம், அசௌகரியம், வலி நோய், அச்சமும் துயரமும் ஆகியவற்றிலிருந்து விடுதலை; இயல்பான நடத்தைக்கு இடம். குட்டைச் சங்கிலி இவற்றில் இரண்டையாவது உடைக்கிறது. சிறுத்தை நடமாடும் மூணாறு எஸ்டேட்டுகளிலும் வாளையாறு, மலம்புழை ஓரங்களிலும் அது உயிரையே பறிக்கும்; கட்டிய நாய்க்கு ஓடவும் வழியில்லை, வீட்டுக்குள் ஒண்டவும் வழியில்லை.

தோட்டக்காரர்கள் நாயே வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்வது நடவாத காரியம். யானை வரவையும் திருடன் வரவையும் அந்த மலையில் முதலில் சொல்வது நாய்தான். ஆனால் மரத்துக்கு மரம் கம்பி இழுத்து அதில் வளையத்தோடு சங்கிலியை ஓடவிட்டால் நாய்க்கு நடமாட இடம் கிடைக்கும். பகலில் ஒரு மணி நேரம் அவிழ்த்துவிடலாம். இரவில் கதவுள்ள கூண்டு வைக்கலாம். ஏலக்காய் விலையில் இது செலவே இல்லை.

இதைக் கேட்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதும் தெரிந்ததே. 1998ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து விதிகளின்படி நாய் வளர்க்க உரிமமும் தடுப்பூசிச் சான்றும் வேண்டும். தேவிகுளம், உடும்பன்சோலை, சிற்றூர் வட்டங்களின் பஞ்சாயத்துகள் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது தடுப்பூசிச் சீட்டோடு சேர்த்து இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும்: சங்கிலி எத்தனை அடி, நாளில் எத்தனை மணி நேரம் அவிழ்க்கிறீர்கள்?